மாநாட்டு மண்டபத்திலிருந்து நான்கு நிமிடம்

மினியாபொலிஸில் மூன்று நாள்,
சவ அடக்கத் தொழில் செய்வோரின் மாநாடு.
ஜனவரியில்தான் வைத்துக்கொள்கிறார்கள்.
விடுதிகளுக்கு அப்போது ஆள் வேண்டும்,
எங்களுக்கோ அப்போதுதான் கை ஓயாத வேலை.
ஆனாலும் மண் கல்லாய் இறுகிக் கிடப்பதால்
எங்கள் பக்கத்துப் பெட்டிகள் பாதி
ஏப்ரல்வரை பொறுத்திருக்கும்.
அவர்களில் அவசரக்காரர் யாருமில்லை.

அறை பிடிப்பது என் பொறுப்பு.
ஹாக்கன்சன் சகோதரர்கள் என்று பலகை தொங்கும் இடத்தில்
பதினாறு வருடமாகக் கணக்கு எழுதுகிறேன்.
போன அக்டோபரில் எல்டன் போனபிறகு
பலகையில் ஒரு 'கள்' கூடுதல்.
லோவெல் அதை நிமிர்ந்து பார்க்காமல்
கதவைத் திறக்கப் பழகிவிட்டார்.

முதல் விடுதி மண்டபத்தோடு ஒட்டியது.
கண்ணாடிப் பாலத்தில் நடந்தால் மேல்கோட்டே வேண்டாமாம்.
இரவில் பாலத்தைப் பூட்டிவிடுவார்கள் என்பது மட்டும்
அடியில், எறும்பெழுத்தில்.

இரண்டாவதில் கூரைமேல் மதுக்கூடம்.
மைனஸ் இருபதில் யார் அங்கே உட்காருவார்கள்,
எங்கள் வாடிக்கையாளரைத் தவிர?

மூன்றாவது பழைய செங்கல் கட்டடம்.
மண்டபத்துக்கு நான்கு நிமிட நடை என்கிறார்கள்.
லோவெலின் முழங்காலுக்கு ஒன்பது,
அதுவும் பனியை வாரியிருந்தால்.

தொலைபேசியில் ஒரு பெண்குரல், பெயர் ஹோதான்.
வாகனம் உண்டா என்றாள்.
உண்டு.
நீளம்?
இருபத்தொரு அடி.
வேனா?
வேன் இல்லை.
கறுப்பு நிறம். பின்னால் திரைச்சீலை.
கண்காட்சிச் சாமான் ஏற்ற அதுதான் வசதி,
ஹீட்டரும் நன்றாக ஓடும் என்று
அவள் கேட்காததையும் சொல்லிக்கொண்டே போனேன்.
மறுமுனையில் விசைகளின் சத்தம் நின்றது.
"காலியாகத்தானே வரும்?"
காலியாகத்தான்.
"சரி," என்று மறுபடி தட்டத் தொடங்கினாள்.
"ஒரு கட்டிலா, இரண்டா?"

பழைய பேரேடுகளில்
பதினைந்து மாநாட்டுக்கும் ஒரே விடை.
திரும்பி வந்ததும்
ஒருவர் குறட்டையை ஒருவர் என்னிடம் கோள் சொல்வார்கள்.

வாய்ப்பக்கம் பொத்திக்கொண்டு உள்ளே கேட்டேன்.
லோவெல் திருமதி ஸ்டென்ஸ்ருடுக்கு
புகைப்படத்தைப் பார்த்துப் பார்த்து
வகிடு எடுத்துக்கொண்டிருந்தார்.
சீப்பு நிற்கவில்லை.
"இரண்டு."
பிறகு, நான் கேட்காமலே,
"கோட்டைப் போட ஓர் இடம் வேண்டாமா."

இரண்டு என்றால் ராத்திரிக்குப் பதினோரு டாலர் அதிகம்.
அலமாரியில் கொக்கி இருக்கும், இலவசம்.
நான் அதைச் சொல்லவில்லை.

மதியம் ஹோதானே திரும்ப அழைத்தாள்.
நிலத்தடியில் நிறுத்தினால் உங்கள் வண்டிக்குக் கூரை இடிக்கும்,
தெருவில் நிறுத்தினால்
விடிவதற்குள் எஞ்சின் கட்டையாகிவிடும் என்றாள்.
அதில் எங்களுக்கு அனுபவம் உண்டு என்றேன்.
சிரித்தாளா, குளிரில் மூக்கை உறிஞ்சினாளா, தெரியவில்லை.

பின்வாசலில் சரக்கு இறக்கும் மேடையருகே
ஒரு பிளக் இருக்கிறதாம்.
எஞ்சின் சூடாக்கியைச் செருகிக்கொள்ளலாம்.
ஆனால் நாலரைக்கு ரொட்டி லாரி வரும்,
அதற்கு வழிவிட்டு, சுவரோரமாக.

"ரொட்டிக்காரர் ஒன்றும் நினைக்கமாட்டாரா?"

"எப்போதும் தலைதெறிக்க ரிவர்ஸில் வருவார்," என்றாள்.
"கண்ணாடியில் உங்கள் வண்டி தெரிந்தால்
கொஞ்சம் மெதுவாக வருவார். நல்லதுதான்."

எழுதிக்கொண்டேன்.
பிளக், வடக்குச் சுவர். நாலரைக்கு ரொட்டி.
நீட்டு ஒயர், ஐம்பது அடி,
கராஜில், எல்டனின் கொக்கியில்.